பெடியளா, பெடியளையா

தம்பி,

உன் கொம்பியூட்டர் விற்றாயிற்று. நீ சொன்னபடி அந்தப் பொலிஸ்காரரே வந்தார். பேரம் பேசவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. பேரம் பேசாமல் வாங்குகிறவன் ஒன்றில் பொருளைப் பற்றித் தெரியாதவன், இல்லாவிட்டால் விற்கிறவனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவன். அவருக்குப் பொருளைப் பற்றி நன்றாகத் தெரியும். பெட்டியைத் தூக்கிக் காரின் பின் சீற்றில் வைத்து, குழந்தைப்பிள்ளைக்குப் போடுவதுபோல பெல்ற் போட்டுக் கொண்டுபோனார். ஒன்றை மட்டும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, புதியது ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். ஏன் கழற்றினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடை விளம்பரம் போடுகிற இலவசப் பத்திரிகையில், இந்தக் கிழமை விளம்பரம் வேண்டாம், இதைப் போடு என்று சொல்லியிருக்கிறேன். பத்திரிகைக்காரர் சிரித்தார். மலிவு விற்பனையை விட்டுப்போட்டு மகனுக்குக் கடிதமோ அண்ணை, இதை ஆர் வாசிக்கப் போகினம் என்று கேட்டார். வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். போன வருசம் இந்த நகரத்தில் எத்தனை வீட்டு ரெலிபோன்களில் ஒரு கடைசிக் குரல் வந்து விழுந்ததோ, அத்தனை வீட்டிலும் இருக்கிறார்கள். அதைவிட, கடித உறையில் என் எழுத்தைக் கண்டால் நீ பிரிக்கமாட்டாய். பத்திரிகை என்றால் அம்மா உனக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டுவாள். நீ எழுத்துக் கூட்டி வாசிப்பதைவிட அது கெதியாக முடிந்துவிடும். வாசிக்கும்போது ஓரிடத்தில் அவள் நிற்பாள். எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். நீ பொறுத்திரு, ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தாதே.

நீ பொலிஸ் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று வாசலில் எனக்குக் கை தந்தாய். சாமான் வாங்கி முடிந்த வாடிக்கையாளர் தருகிற கை அது. அலுவல் முடிந்தது, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்கிற கை. ஒரு வருசமாக உனக்கும் எனக்கும் இடையில் கடைக் கதையைத் தவிர வேறு கதை இருக்கவில்லை. இந்தக் கார்ட் வந்துவிட்டதா, அந்த ஆள் வந்து எடுத்தாரா, லைற்றை நிற்பாட்டவா. ஒரே சுவருக்குள் இரண்டு கடை வைத்தவர்கள் மாதிரி இருந்தோம். அதனால்தான் போகிற அன்று உனக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. சொல்ல இல்லை என்றில்லை. விலை போகாத சாமானை மேசையில் எடுத்து வைத்து என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

பொலிஸைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் நான் இளந்தாரியாக இருந்தபோது என் சைக்கிள் களவு போனது. புத்தியில்லாமல் ஸ்ரேசனுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன். நான் தமிழில் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிங்களத்தில் எழுதினார். நான் சொன்னது நாலு வசனம், அவர் எழுதியது பக்கம் நிறைய. எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்றார். போட்டேன். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சைக்கிளும் வரவில்லை. அதற்குப் பிறகு வீதியில் ஜீப்பைக் கண்டால், நான் எதையோ ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தவன் என்ற நினைப்பு வந்து, பக்கத்துத் தெருவுக்குள் திரும்பிவிடுவேன்.

பிறகு நாட்டை விட்டு இங்கே வந்தேன். பார்க்டேலில் ஒரு அறைக்குள் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுத்து, கோப்பை கழுவி, ரெலிபோன் காட் விற்று, கடைசியில் மோர்னிங்சைட்டில் இந்தக் கொம்பியூட்டர்க் கடையைத் திறந்தேன். திறந்த புதிதிலேயே கண்ணாடியை உடைத்தார்கள். பொலிஸ் வந்தது. வந்தவர் நல்ல மனிதர். கையில் கோப்பி. என் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் எழுதினார். ஒரு நம்பர் தந்து, இன்சூரன்ஸுக்கு இது போதும் என்றார். உடைத்தவனைப் பிடிப்பீர்களா என்று கேட்டேன். இப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்பதுபோலப் பார்த்தார். அங்கே பொலிஸிடம் போனால் பயத்தைத் தருவார்கள். இங்கே போனால் நம்பரைத் தருவார்கள். நம்பர் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. வாரன்ரி மாதிரி அது. கடுதாசி சுத்தமாக இருக்கும், போன சாமான் திரும்பி வராது. நீ போய் அதை மாற்றுவாய் என்று நான் நம்பவில்லை. அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

இனி கேமிங் கொம்பியூட்டரைப் பற்றி. நான் அதில் ஒரு நாளும் விளையாடியதில்லை. ஆனால் அது எங்களுக்குச் சோறு போட்டது. வாங்க வருகிற பெடியன்கள் எல்லோரும் கிராபிக்ஸ் கார்ட்டைக் கேட்பார்கள், பெட்டிக்குள் எரிகிற நீல வெளிச்சத்தைக் கேட்பார்கள். பவர் சப்ளையை ஒருவனும் கேட்கமாட்டான். பழுதாகித் திரும்பி வருவது அதுதான். எங்கள் ரேடியோக்களில் அரசியல் பேசுகிறவர்களும் இப்படித்தான் என்று நான் கவுண்டரில் நின்று சொல்வேன். படம் நல்லாகக் காட்டுவார்கள்; கரண்ட் எங்கே இருந்து வருகிறது என்று கேட்டால் கோபம் வரும். நீ சிரிப்பாய். அப்போதெல்லாம் நீ என் கதைக்குச் சிரிப்பாய்.

கடையின் பின் அறையில் நீ விளையாடும்போது, சாப்பாட்டை வைக்க வந்த சாட்டில் நின்று பார்த்திருக்கிறேன். திரையின் மேல் மூலையில் வரிவரியாக ஏதோ வந்து வந்து மறையும். அது என்ன என்று கேட்டேன். ஆர் ஆரைச் சுட்டது என்று எழுதி வருகிறது அப்பா என்றாய். இடப்பக்கம் ஒரு பெயர், நடுவில் சின்னத் துவக்கு, வலப்பக்கம் ஒரு பெயர். பிழையாக எழுதவே மாட்டாதா என்று கேட்டேன். கேம் பிழை விடாது என்றாய். கொடுத்து வைத்த சண்டை என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

போன வருசம் சித்திரையில், வன்னியில் கடைசிச் சண்டையில் சனம் கடலுக்கும் செல் குண்டுகளுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே எங்கள் ஆட்கள் நகர நடுவில் ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். ஒரு நாள் கடைகளை எல்லாம் பூட்டிவிட்டு வரவேண்டும் என்று கேட்டார்கள். அது ஊரில் இருந்தே எங்களுக்கு வந்த பழக்கம். துக்கமா, கோபமா, முதலில் கடையைப் பூட்டு. நான் மறுத்தேன். இங்கே நான் பூட்டினால் கொழும்பில் ஆருக்கு நட்டம் என்று கேட்டேன். நீ கதவில் ஒட்டப் பேப்பரை எழுதிக்கொண்டே, “எல்லாரும் பூட்டுகினம் அப்பா. எங்கட கடை மட்டும் திறந்திருந்தால் ஷேம்” என்றாய். என் தங்கச்சி அந்தச் சனத்துக்குள் இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். புருஷன் இல்லாதவள். அவளுக்காகத் தானே என்று நீ சொன்ன பிறகு சாவியை எடுத்தேன். பூட்டினேன். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போனோம்.

அங்கேதான் உன் மெஷினை வாங்கிய அந்தப் பொலிஸ்காரரைக் கண்டோம். இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீ. இளம் ஆள். ஆர் ஆரைச் சுடுகிறார்கள் என்று உன்னிடம் கேட்டாராம். நீ ஒரே வசனத்தில் பதில் சொன்னாயாம். பிறகு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்க, கேமிங் கொம்பியூட்டர் பொருத்துகிறேன் என்று நீ சொல்ல, அவர் தன் கார்ட் சூடாகி நிற்கிறது என்று சொல்ல, நான் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இரண்டு பேரும் கார்ட்டைக் குளிராக்குகிற காற்றாடியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு தொண்டை அடைக்கக் கத்துகிறாள். எனக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய கோபமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவனோடு மனிதனாகக் கதைத்த பொலிஸ் அவர் ஒருவர்தான். கண்ணாடிக்கு நம்பர் தந்தவர் என் பெயரைத் தவிர வேறு ஒன்றும் என்னிடம் கேட்கவில்லை.

பின்னேரம் கடையைத் திறந்தோம். ரெலிபோனில் செய்தி விழுந்திருப்பதைக் காட்டும் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. உன் மாமி, என் தங்கச்சியின் குரல். ஆரோ ஒருவரின் சற்றலைற் போனில் வரிசையில் நின்று அழைப்பு எடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டு நம்பர் அவளுக்குப் பாடமில்லை. நான் ஊருக்கு அனுப்பிய கலண்டரில் அச்சடித்திருந்த கடை நம்பர்தான் பாடம். எந்த நேரமும் திறந்திருக்கிற கடை. அவளுக்காகக் கத்துவதற்கென்று பூட்டிவிட்டுப் போன அன்றுதான் அவள் எடுத்தாள். இதற்கு நான் உன்னையும் குற்றம் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவர் தோளிலும் அது சரியாக நிற்கவில்லை.

இரைச்சலுக்குள் அவள் ஏதேதோ சொன்னாள். கடைசிக்குச் சற்று முன் ஒரு வசனம். ‘இனி பெடியள் விடமாட்டினம் அண்ணை’ என்று எனக்குக் கேட்டது. ‘இனி பெடியளை விடமாட்டினம் அண்ணை’ என்று உனக்குக் கேட்டது. பெடியள் என்ற சொல்லுக்கு எங்களிடம் இரண்டு பொருள். வீட்டில் இருக்கிற ஆண் பிள்ளைகளும் பெடியள். ஆயுதம் தூக்கிய இயக்கத்தையும் ஊரில் பெயர் சொல்லாமல் பெடியள் என்றுதான் சொல்வோம். எனக்குக் கேட்டபடி என்றால், இயக்கம் அவளை அங்கிருந்து வெளியேற விடாது. உனக்குக் கேட்டபடி என்றால், அவள் வெளியே வந்தாலும் ஆமி அவளுடைய இரண்டு மகன்மாரையும் விடாது. ஒரு ‘ஐ’. அது இருந்தால் துவக்கு ஒரு கையில், இல்லாவிட்டால் மற்றக் கையில். அந்த இடத்தில்தான் லைன் கரகரவென்று இரைந்தது.

நீ ரெலிபோனில் இருந்து வயர் எடுத்து உன் கொம்பியூட்டரில் கொழுவினாய். இந்த நகரத்துப் பெடியன்கள் எல்லோரும் பொறாமைப்பட்ட மெஷின். நான் பிறம்ரன் வெயார்ஹவுஸ் வரை போய்க் கொண்டுவந்து தந்த ஹெட்செற். இரைச்சலைக் கழுவினாய், குரலை உயர்த்தினாய், மெதுவாக்கினாய். திரையில் அவளுடைய குரல் மலைத்தொடர் மாதிரி நின்றது. அந்த ஒரு சொல்லைப் பிடித்து, திரும்பத் திரும்பப் போட்டோம். நாள் கணக்காக. எனக்கு ‘ஐ’ கேட்கவே இல்லை. உனக்குக் கேட்காமல் விடவே இல்லை. பிறகு நான் அதைச் சொன்னேன். நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது, இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளையும்போல, ‘ஐ’யை விழுங்கித்தான் தமிழ் கதைப்பாய். நான் அம்மா கூப்பிட்டன், நான் அப்பா பார்த்தன் என்பாய். ஆர் ஆரைக் கூப்பிட்டது என்று நானும் அம்மாவும் கேட்டுச் சிரிப்போம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பாலும் அது திருந்தவில்லை. அன்றைக்கு அந்தப் பழைய பகிடியை எடுத்து உன் முகத்தில் எறிந்தேன்.

“வாழ்நாளில ஒரு நாளும் ஐ போட்டுக் கதைக்காதவர், இல்லாத ஐயைக் கேட்டிட்டாராம்.”

நீ ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்தாய். மெல்லத்தான் வைத்தாய். “நீங்கள் கேக்க விரும்பிறதைத்தான் கேக்கிறீங்கள் அப்பா. யூ ஆல்வேஸ் டிட்” என்றாய். அது பிழையில்லை. எனக்கு இயக்கத்தில் நம்பிக்கை போய்க் கனகாலம். நெடுங்காலமாக நான் நினைத்துக்கொண்டிருந்ததை என் காது கேட்டது. ஒரு மாதமாக நீ ரோட்டில் நின்று கத்தியதை உன் காது கேட்டது. இரவு வீட்டில் அம்மா அடுப்படியில் நின்று ஒன்றுதான் சொன்னாள். “அவள் இருக்கிறாளோ இல்லையோ தெரியாது. நீங்கள் ரெண்டு பேரும் அவளின்ர வாயில ஒரு எழுத்தைப் பிடிச்சு இழுக்கிறியள்.” இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

பிறகு அந்தக் காலைப்பொழுது. நான் முன்னுக்குக் கடை திறந்து தூசி தட்டிக்கொண்டு நிற்கிறேன். பின் அறையில் பட் பட் என்று சத்தம். மெஷினில் பவர் சப்ளை வெடிக்கிறது என்று நினைத்து, நிற்பாட்டு, நிற்பாட்டு என்று ஓடி வந்தேன். நீ ஹெட்செற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய். “பவர் சப்ளை இல்லை அப்பா. வெடி” என்றாய். எங்கே என்று கேட்டேன். “அங்க. ரோட்டில கொளுத்திறாங்கள். சண்டை முடிஞ்சுதாம்.” உன்னோடு வருசக் கணக்காக ஒரே அணியில் விளையாடுகிற, கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பெடியனின் மைக்கால் வந்த சத்தம். ஸொறி மச்சான், இது எங்கட வீடு இல்லை என்று சொல்லிக்கொண்டு அவன் எழும்பி யன்னலைப் பூட்டினானாம். பூட்டிய பிறகும் கேட்டது. சின்னச் சத்தத்தையும் விடாது என்று சொல்லித்தான் அந்த ஹெட்செற்றை நான் எல்லோருக்கும் விற்றேன்.

முகாம்களுக்குள் போனவர்களின் பெயர்களுக்குள் மாமியின் பெயர் இல்லை. பிள்ளைகளின் பெயர்களும் இல்லை. அவளோடு நின்றதாகச் சொன்ன ஒருவர், அவள் கடலேரிப் பக்கம் நடந்ததைக் கண்டேன் என்றார். இன்னொருவர், அவள் அதற்கு முதலே இல்லை என்றார். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. செய்திக்காரர்கள் இப்போது வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். ரேடியோவில் ஆர் காட்டிக்கொடுத்தது என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். நான் அதைக் கேட்பதை நிற்பாட்டிவிட்டேன். இனி ஒரு நல்ல செய்தி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருப்பில் இல்லாத சாமானை வரும் வரும் என்று சொல்லி வாடிக்கையாளரை அலைக்கழிப்பவன் வியாபாரி இல்லை. உனக்கும் நான் அதைச் செய்யமாட்டேன்.

நீ பொலிஸில் சேர எழுதிப்போட்டதை அம்மாவிடம்தான் சொன்னாய். ஏன் என்று அவள் கேட்டதற்கு, சனம் சொல்வதைப் பிழையில்லாமல் எழுதுகிற ஆள் ஒருவராவது வேண்டும் என்று சொன்னாயாம். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். சைக்கிளை நினைத்துச் சிரித்தேன். எழுதுகிறவன் சரியாக எழுதினாலும், சொல்கிறவளின் வாயில் இருந்து உன் காதுக்கு வருவதற்குள் ஒரு எழுத்து விழுந்துவிடும் தம்பி. உனக்கு நான் சொல்லாமல் விட்ட புத்திமதி இதுதான். அங்கே ஒரு கிழவி, எங்கள் ஆளோ வேறு நாட்டு ஆளோ, தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், அவன் அடித்தான், பெடியன், கதவு என்று சொல்வாள். நீ எழுதுவதற்கு முன்னால் கேள். ஆர், ஆரை? இன்னொரு தரம் கேள். அவள் எரிச்சல்பட்டாலும் கேள். கேட்பதற்கு அவள் முன்னால் இருக்கிறாள் அல்லவா. அது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி டிஸ்க்குக்கு வருகிறேன். பொலிஸ்காரர் வருவதற்கு முதல் நாள், மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருகிறவள் இல்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். “உது போகமுதல் எனக்கு ஒருக்கா அவளைப் போடுங்கோ” என்றாள். “முழுக்கப் போடுங்கோ. நான் அண்டைக்கு முழுக்கக் கேக்கேல்லை.” அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தப் பின்னேரம் நாங்கள் கடையைத் திறந்தபோது அம்மா காரில் இருந்தாள். அவள் உள்ளே வருவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை தொடங்கிவிட்டது. அவளுக்குப் போட்டுக் காட்டியதெல்லாம் அந்த ஒரு வசனம்தான். நீயே சொல்லு அம்மா, ஐ இருக்கோ இல்லையோ என்று.

உன் ஹெட்செற்றை அவளுடைய தலையில் மாட்டிவிட்டு, மாமி என்று நீ பெயர் போட்டு வைத்த கோப்பைத் திறந்தேன். இனி பெடியள், கரகரப்பு, விடமாட்டினம் அண்ணை. முடிந்தது. வேறு கோப்பு தேடினேன். இந்தத் தொழிலில் எனக்கு எங்கே தேடவேண்டும் என்று தெரியும், அழித்தவற்றுக்குள்ளும் தேடினேன். மாமி ஒன்று, மாமி இரண்டு, மாமி கடைசி என்று நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் அதே வசனம்தான், சுத்தமாக, இன்னும் சுத்தமாக. இரைச்சலைக் கழுவுவதற்காக முன்னையும் பின்னையும் வெட்டி, வெட்டியதன் மேலேயே சேமித்திருக்கிறாய். ரெலிபோனில் இருந்ததை எப்போதோ நான் அழித்துவிட்டேன். அது நிறைந்து, வாடிக்கையாளர்கள் செய்தி விட முடியவில்லை என்று சொன்னார்கள். உன் கொம்பியூட்டரில் முழுவதும் இருக்கிறது என்று நினைத்து நான் அழித்தேன். ரெலிபோனில் முழுவதும் இருக்கிறது என்று நினைத்து நீ வெட்டினாய். நாங்கள் சண்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவளை எறிந்துவிட்டோம்.

அம்மா ஹெட்செற்றைக் கழற்றவில்லை. “வேற என்ன சொன்னவள்?” என்று கேட்டாள்.

என்னால் சொல்ல முடியவில்லை, தம்பி. முதலில் ‘அண்ணை, நான்தான்’ என்றாள். அது நிச்சயம். பிறகு மழையைப் பற்றி ஏதோ. உன்னைப் பற்றி ஒன்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னாள், ஆனால் படிக்கிறானா என்று கேட்டாளா, பெரியவனாகிவிட்டானா என்று கேட்டாளா என்பது தெரியவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், போனை வைக்கவேணும் என்றாள். இடையில் ஒரு தரம் சிரித்தாள் என்று நினைக்கிறேன். சிரித்தாளா, இருமினாளா? அந்த ‘ஐ’யை நாள் கணக்காகக் கேட்ட காது, மற்றதை ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டது. அம்மாவுக்கு நான் இவ்வளவையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவன் வைச்சிருப்பான் என்றாள். நீ டிஸ்க்கில் வைத்திருப்பாய் என்று சொல்கிறாள் என நினைத்தேன். இல்லை, அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஒரு வருசத்தில் கடைக் கதையைத் தவிர நான் உன்னிடம் கேட்கிற முதல் விஷயம். மாமி அன்று சொன்னதில் உனக்கு நினைவில் உள்ளதை எழுது. இங்கிலீஷில் எழுதினாலும் சரி. சாட்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் இருத்திக் கேட்கக்கூடாது என்று அங்கே உனக்குப் படிப்பிப்பார்கள். ஆகவே எனக்குக் காட்டாமல் எழுதி அம்மாவுக்கு அனுப்பு. நானும் எழுதி அவளிடம் கொடுக்கிறேன். அவள் இரண்டையும் வைத்துப் பார்க்கட்டும். இரண்டும் பொருந்தாது. நான் சிரிப்பு என்று எழுதுவேன், நீ இருமல் என்று எழுதுவாய். இந்த வழியால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். என்றாலும் நீ எழுதப்போகிற முதல் வாக்குமூலம் அதுவாக இருக்கட்டும்.

அந்த வசனம் வருகிற இடத்தில் மட்டும், கேட்டதை எழுது, கேட்காததை எழுதாதே. பெடிய என்று எழுதிவிட்டு, அடுத்த எழுத்துக்கு இடம் விடு. நானும் விடுகிறேன்.

அப்பா